பெரம்பலூர் பக்கம் திரும்பினால் சான் பிரான்சிஸ்கோ

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விமானப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் பற்றியே கேட்கின்றன. டெல்டாவில் அது ஆச்சரியமில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே என்று இருக்கிற வீடு ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நான் கும்பகோணத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலிலேயே தலை நரைத்தவள். கல்லூரியில் படித்தது புவியியல். இரண்டையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கிறான். திருச்சியிலிருந்து அங்கே 14,200 கி.மீ. என்று செல்போன் காட்டுகிறது. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் 16 மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டிலோ 26 மணி நேரம் என்று இருக்கிறது. மிச்சம் பத்து மணி நேரம் எங்கே போகிறது?
– வாசகர், நீடாமங்கலம்

உங்கள் வகுத்தல் சரிதான். ஆனால் அந்த 14,200 கி.மீ. நீங்கள் போகப்போகிற வழியின் தூரம் இல்லை. பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கிற மிகக் குறுகிய தூரம் அது.

அதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பூமி உருண்டை இருக்கும். பூ கட்டுகிற நூல் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியைத் திருச்சியிலும் இன்னொரு நுனியைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து, தொய்வு இல்லாமல் இழுத்துப் பிடியுங்கள். சுவரில் மாட்டியிருக்கிற தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நூல் கிழக்கே வங்காள விரிகுடாவைத் தாண்டிப் பசிபிக் கடல் வழியாகப் போகும் என்று தோன்றும். நூல் அப்படிப் போகாது. கிட்டத்தட்ட வடக்கே ஏறும். திருச்சியை விட்டதும் பெரம்பலூர், அப்புறம் காஞ்சிபுரத்தை ஒட்டி, விஜயவாடா பக்கம், நேபாளத்தில் எவரெஸ்ட் சிகரத்துக்கு அருகே, திபெத், மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் கடல் ஓரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக அமெரிக்கக் கரைக்கு இறங்கும். திருச்சியில் நின்றுகொண்டு சான் பிரான்சிஸ்கோ எந்தத் திசை என்று கேட்டால், பெரம்பலூர் பக்கம் கையை நீட்டுவதுதான் சரியான பதில். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையாக இருந்தால் அதில் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 425 கி.மீ. நூலை அளந்து பாருங்கள், முப்பத்து மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி வரும். பெருக்கினால் செல்போன் சொன்ன கணக்கு கிடைத்துவிடும்.

இந்த வழியில் திருச்சியிலிருந்து நேர் விமானம் கிடையாது. இருந்தாலும் அந்த நூல் மேலேயே பறக்க விடமாட்டார்கள். திபெத் மேட்டுநிலத்தின் சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறக்கியாக வேண்டும். பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்ஸிஜன் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். திபெத்துக்கு மேலே அப்படி இறங்க இடமே இல்லை. அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

சரி, உங்கள் டிக்கெட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் மாறினால் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் 2,980 கி.மீ., அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,590 கி.மீ. மொத்தம் 16,570 கி.மீ. துபாயில் மாறினால் 2,940 கி.மீ., அதற்கு மேல் சுமார் 13,040 கி.மீ., ஆக மொத்தம் 15,980 கி.மீ. இரண்டுமே நேர்வழியைவிட நீளம். அடுத்தது வேகம். மணிக்கு 900 கி.மீ. என்பது மேலே ஏறி நிதானித்த பிறகு வரும் வேகம். விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரம், ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம், முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால் அந்த நேரம் எல்லாம் டிக்கெட்டில் அடக்கம். சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்திருக்கிற கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும் கணக்கு. திருச்சிக்கும் சென்னைக்கும் நேர் தூரம் 300 கி.மீ.கூட இல்லை. வகுத்தால் இருபது நிமிடம் வரும். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். குறுகிய பயணத்தில் இந்த ஏற்ற இறக்கம்தான் பெரும்பங்கு.

உங்கள் மகன் ஊருக்கு, சிங்கப்பூர் வழியாகப் போனால் வானத்தில் இருக்கும் நேரம் இருபது மணிக்குச் சற்றுக் குறைவு. மீதி ஆறு மணிச் சொச்சம் மாறுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது. நீங்கள் தேடுகிற பத்து மணி நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது நீங்கள் குறைக்கக்கூடியதும் அது ஒன்றுதான்.

கேள்வி: என் அண்ணன் சிங்கப்பூரில், தம்பி துபாயில். திருச்சியில் இரவு ஏறினால் சிங்கப்பூர் போய்ச் சேர ஆறரை மணி நேரம் ஆவதுபோல டிக்கெட்டில் தெரிகிறது. துபாய்க்கு இரண்டரை மணி நேரம்தான். அப்படியானால் துபாய் பாதி தூரம்கூட இல்லையா?
– வாசகி, கூத்தாநல்லூர்

இரண்டு ஊரும் திருச்சியிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள், நாற்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம். பறக்கும் நேரமும் இரண்டுக்கும் சுமார் நான்கு மணிதான். டிக்கெட்டில் புறப்படும் நேரம் திருச்சிக் கடிகாரத்தில், சேரும் நேரம் அந்த ஊர்க் கடிகாரத்தில் அச்சாகியிருக்கும். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பின்னால். நான்கோடு இரண்டரையைக் கூட்டினால் ஆறரை. நான்கில் ஒன்றரையைக் கழித்தால் இரண்டரை.

இது டிக்கெட் மேஜையில் தினமும் நடக்கிற குழப்பம். அதனால்தான் சேரும் நேரத்தைச் சொல்லும்போது "நம்ம ஊர்க் கடிகாரத்தில் இத்தனை மணி" என்றும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் விழித்துக்கொண்டு காத்திருக்கிறவர்களுக்கு அதுதான் தேவை. இல்லாவிட்டால் துபாய்க்குப் போன பிள்ளை "ஒன்றரை மணி நேரமாகப் பேசவில்லையே" என்று ஒரு தாய் தவித்துக்கொண்டு இருப்பாள். பிள்ளையோ இன்னும் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருப்பான்.

ஊருக்கு ஊர் கடிகாரம் மாறுவது ஏனென்றால், பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்பட்டது. நாகப்பட்டினம் அதற்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்தில் பன்னிரண்டைத் தாண்டிச் சுமார் பத்து நிமிடம். ஆண்டின் மாதத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். சிங்கப்பூர் மட்டும் இந்தக் கணக்குக்குள் வராது. அது இருக்கிற 104 பாகைக்கு, கிரீன்விச் நேரத்தைவிட ஏழு மணி முன்னால் ஓடும் கணக்குத்தான் பொருந்தும். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் அங்கே எட்டு மணிக் கணக்கைப் பின்பற்றுகிறார்கள். அங்கே போனவர்கள் "காலை ஏழு மணிக்கும் விடியவில்லை" என்று சொல்வது அதனால்தான்.

கேள்வி: சென்னையிலிருந்து லண்டன் போகும்போது ஆகும் நேரம் திரும்பி வரும்போது ஆவதில்லை. ஒரே தூரம்தானே? பூமி கீழே சுழல்வதால்தான் இப்படியா?
– பொறியியல் மாணவர், மயிலாடுதுறை

பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, விமானமும் சுழல்கிறது. அதனால் வெறும் சுழற்சி காரணம் இல்லை. காரணம் மேலே ஓடுகிற காற்று. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒடுங்கிய பட்டையாகக் காற்று ஓடுகிறது. வெப்பமான தெற்கும் குளிர்ந்த வடக்கும் சந்திக்கிற இடத்தில் அழுத்த வேறுபாட்டால் அது பிறக்கிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்குப் பக்கம் வளைத்துவிடுகிறது. அந்த அளவில் நீங்கள் சொன்னதிலும் ஒரு பங்கு உண்மை. 1920களில் ஜப்பானில் வஸாபுரோ ஒயிஷி என்ற வானிலை அறிஞர் பலூன்களை விட்டு, தொலைநோக்கியில் பார்த்து, இந்த வேகத்தை அளந்தார்.

ஆடிப்பெருக்கு சமயத்தில் காவிரியில் நீந்தியிருந்தால் இது உடனே புரியும். நீங்கள் கை போடுகிற வேகம் ஒன்றுதான், ஓட்டத்தோடு போனால் அடுத்த படித்துறை சீக்கிரம் வந்துவிடும், எதிர்த்துப் போனால் நகரவே மாட்டீர்கள். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. போகிறது, காற்று 150 கி.மீ. அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 கி.மீ. தூரத்தைக் காற்றோடு போனால் 2 மணி 51 நிமிடம். எதிர்த்துப் போனால் 4 மணி. சென்னை–லண்டன் வழி முழுக்க இந்தப் பட்டை இல்லை. ஒரு பகுதியில்தான் குறுக்கிடுகிறது. அதனால் வித்தியாசம் ஒரு மணி நேரத்தை ஒட்டி நிற்கிறது. குளிர்காலத்தில் கூடும்.

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வழக்கமாக ஆறேழு மணி நேரம் ஆகும். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரைக்கணக்கில் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. காற்றுக்குள் அது தன் வழக்கமான வேகத்தில்தான் இருந்தது.

இன்னொன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை முதலில் அட்லாண்டிக் வழியாக ஓட்டியது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாக மாற்றினார்கள். தூரம் 15,300 கி.மீ. ஆனது, 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் முதுகுக்குப் பின்னால் காற்று அடித்ததால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முந்தின வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு. குறுகிய வழி வேறு, விரைவான வழி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். தேர்வில் கேட்டால் இதையே எழுதுங்கள்.

கேள்வி: முன்பு எடுத்த டிக்கெட்டில் இருந்ததைவிட இப்போது டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரம் கூடுதலாகக் காட்டுகிறதே?
– வாசகர், திருவிடைமருதூர்

வானத்துக்கும் எல்லை உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரையிலும் இப்படி நடந்தது. வடக்கிலிருந்து கிளம்பும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய, பிரிட்டிஷ், அமெரிக்க நிறுவனங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதனால் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போகிறவர்கள் வடதுருவத்தையே தாண்டிப் போகிற அளவுக்கு வழி மாறியது. தூரம் பூமியைப் பொறுத்தது. நேரம் அரசாங்கங்களையும் பொறுத்தது.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை வியாதி, முழங்கால் வலி. மெல்போர்னில் என் தங்கைக்குப் பிரசவம். அம்மா தனியாகப் போக வேண்டும். சிங்கப்பூரில் ஐம்பது நிமிடத்தில் மாறுகிற மாதிரி ஒரு டிக்கெட் எண்ணாயிரம் ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்று எடுத்துக்கொள்வது?
– வாசகி, பட்டுக்கோட்டை

எடுக்காதீர்கள் அம்மா. உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதி வைத்தேன்.

ஐம்பது நிமிடம் என்பது விமானம் நேரத்துக்கு வந்தால் மட்டும். கதவு திறந்து, பின்வரிசையிலிருந்து நகர்ந்து வருவதற்கே கால் மணி நேரம் ஓடிவிடும். அடுத்த விமானத்தின் கதவை அது கிளம்புவதற்கு முன்னாலேயே மூடிவிடுவார்கள். இளைஞர்கள் ஓடிப் பிடிக்கலாம். முழங்கால் வலிக்காரரை ஓட விடக்கூடாது. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை இடைவெளி உள்ளதாக எடுங்கள். அதோடு, அந்த மலிவு டிக்கெட் ஒரே டிக்கெட்டா, தனித்தனியாக இரண்டா என்று பாருங்கள். இரண்டாக இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியையும் அம்மாவே வாங்கி மறுபடி போட வேண்டிவரும். ஒரே டிக்கெட் என்றால் திருச்சியில் போட்ட பெட்டி மெல்போர்னில் வந்துவிடும். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்துவிடுங்கள். மாறுகிற இடத்தில் ஒருவர் கூடவே வந்து அடுத்த வாசலில் விட்டுவிடுவார். அதைக் கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. "நான் நடப்பேன்" என்றுதான் அம்மாக்கள் சொல்வார்கள். நீங்கள் பதிவு செய்துவிடுங்கள்.

நேரக் கணக்கு இப்படி. சிங்கப்பூருக்கு நான்கு மணி. சிங்கப்பூர்–மெல்போர்ன் சுமார் 6,000 கி.மீ., ஏழரை மணி. இடைவெளி நான்கு என்று வைத்தால் பதினைந்தரை. இது டிக்கெட்டில் தெரிகிறது. தெரியாதது: பட்டுக்கோட்டையிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் இரண்டு மணிக்கு மேல், அங்கே மூன்று மணி முன்னதாக இருப்பது, மெல்போர்னில் குடியுரிமைச் சோதனை, பெட்டி, சுங்கம் என்று ஒன்றரை மணி, தங்கை வீட்டுக்கு ஒரு மணி. வாசல்படியிலிருந்து வாசல்படி வரை இருபத்து மூன்று, இருபத்து நான்கு மணி. மாத்திரை, இன்சுலின், சாப்பாடு எல்லாவற்றையும் இந்த எண்ணுக்குத்தான் திட்டமிட வேண்டும்.

இன்சுலினைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். கைப்பையில், மருத்துவரின் சீட்டோடு இருக்கட்டும். சரக்கு அறையில் குளிரில் உறைந்தால் அது கெட்டுவிடும். மெல்போர்ன் கடிகாரம் நம்மைவிட நான்கரை மணி முன்னால். அங்கே கோடையில், அதாவது அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, ஐந்தரை மணி. ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம், ஊட்டியின் உயரம். காற்றும் வறண்டிருக்கும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள்; கழிவறைக்குப் போக வேண்டுமே என்று குடிக்காமல் இருந்துவிடுவார்கள். ஓர இருக்கை கேளுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடந்தால் காலில் ரத்தம் கட்டாது.

பிரசவ மருந்து, வத்தல், பருப்புப்பொடி எல்லாம் கட்டாயம் போகும், எனக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் உணவு, விதை, இலை, மூலிகை என்றால் மிகவும் கண்டிப்பு. அங்கே இறங்கும்போது கொடுக்கும் படிவத்தில் "உணவு இருக்கிறது" என்று குறித்துவிட வேண்டும். குறித்தால் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். குறிக்காமல் பிடிபட்டால் பெரிய அபராதம். எதில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தின் மேலே ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாகத் தேதி. இதைப் படிக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். திருச்சியில் பல விமானங்கள் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தால், வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி. பாபநாசம் பக்கம் ஒரு குடும்பம் வேறெங்கோ எடுத்த டிக்கெட்டோடு 15ஆம் தேதி சாயங்காலம் கார் ஏறி, விமான நிலையம் போய்ப் பார்த்தால், விமானம் முந்தின இரவே போயிருந்தது. மாலை போட்டு வழியனுப்ப வந்த ஆட்கள் பதினோரு பேரும் அந்தப் பெரியவரும் வாசலில் நின்றார்கள். நான் கொடுக்கிற ஒவ்வொரு டிக்கெட்டின் மேலும் சிவப்பு மையில், "14ஆம் தேதி ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவும்" என்று கிழமையோடு எழுதித்தான் கொடுக்கிறேன். உங்கள் அம்மா டிக்கெட்டில் நீங்களே எழுதிவிடுங்கள். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள்.

கேள்வி: திருச்சியில் புது முனையம் கட்டிவிட்டார்கள். லண்டனுக்கு நேராக எப்போது விடுவார்கள்?
– வாசகர், திருவையாறு

முனையம் 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது, அழகாக இருக்கிறது. ஆனால் தூரம் போவதைத் தீர்மானிப்பது கட்டடம் இல்லை, ஓடுபாதை. திருச்சி ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர். சென்னையில் பெரிய ஓடுபாதை 3,650 மீட்டருக்கு மேல். லண்டன் இங்கிருந்து 8,320 கி.மீ. அவ்வளவு எரிபொருளையும் நிறையப் பயணிகளையும் ஏற்றிய பெரிய விமானம், அதுவும் நம் வெயிலில் காற்று லேசாகிற நேரத்தில், எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். ஓடுபாதை நீளட்டும் என்று நானும் விரும்புகிறேன். அது வரைக்கும் மாறித்தான் போக வேண்டும்.

கேள்வி: என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனார். எத்தனை நாள் ஆகியிருக்கும்?
– வாசகர், வேளாங்கண்ணி

ரஜுலா கப்பலாக இருக்கலாம். 1926இல் கட்டப்பட்ட அது சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடி, 1973இல் ஓய்வு பெற்றது. அதற்கு அப்புறம் எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 பிப்ரவரியில் அதில் தீ விபத்து நடந்து உயிர்கள் போயின. அத்தோடு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சுமார் 2,330 கி.மீ. கடல் மைலில் சொன்னால் 1,258. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் நீளம் அது. விமானிகளும் இன்றுவரை அதில்தான் கணக்கிடுகிறார்கள். கப்பல் மணிக்கு 12 கடல் மைல் போனதாக வைத்தால் 105 மணி நேரம், ஏறத்தாழ நாலரை நாள். துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் நேரம் தனி. மேல்தளத்தில் பாய் விரித்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். உங்கள் தாத்தா கதைகளை எழுதி வையுங்கள்; கேட்டுச் சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கேள்வி: மேற்கே பறந்தால் சூரியன் மறையவே மறையாதாமே, நிஜமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, திருக்காட்டுப்பள்ளி

நல்ல கேள்வி கண்ணு. பூமத்திய ரேகையில் பூமி மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. இப்போது நாம் ஏறுகிற பயணிகள் விமானம் அந்த வேகத்தில் போகாது. அதனால் நம் ஊர்ப் பக்கம் சூரியன் விமானத்தை முந்திவிடும். வடக்கே போகப் போக வட்டம் சிறிதாகும், வேகமும் குறையும். 60 பாகை அட்சரேகையில் அது பாதியாகி மணிக்கு 835 கி.மீ.தான். அங்கே மணிக்கு 900 கி.மீ.யில் மேற்கே பறக்கும் விமானத்தில் இருப்பவருக்குச் சூரியன் மறையாமல் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

திருச்சியிலிருந்து துபாய் போனால் பகல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நீளும். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் அடிவானம் கீழே இறங்கித் தெரிவதால், நேர் கீழே தரையில் சூரியன் மறைந்து பத்து நிமிடத்துக்கு மேலும் ஜன்னலில் சூரியன் தெரியும். ரமலான் நோன்போடு பயணம் போகிறவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குத் தூரத்தையும் நிமிடத்தையும் எழுதிக் கொடுப்பேன், முடிவைத் தங்கள் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: ஒரே இரண்டு ஊருக்கு ஒரு செயலி 14,203 என்கிறது, இன்னொன்று வேறு எண் காட்டுகிறது. எதை நம்புவது?
– வாசகர், மன்னார்குடி

இரண்டையும் நம்பலாம். பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. ஒரு செயலி சராசரியாக 6,371 என்று வைத்துக் கணக்கிடும், இன்னொன்று துருவத்தில் சற்றே அமுங்கிய உண்மையான வடிவத்தை வைத்துக் கணக்கிடும். இவ்வளவு தூரத்தில் சில பத்துக் கிலோமீட்டர் வித்தியாசம் வருவது இயல்பு. விமானம் அன்றைய காற்றுக்கும் மேகத்துக்கும் ஏற்ப விலகிப் போகும் தூரம் அதைவிட அதிகம். டிக்கெட் எடுக்கும் முன் பார்க்க வேண்டியது மூன்று: எங்கே மாறுவது, எத்தனை மணி இடைவெளி, வாசலிலிருந்து வாசல் வரை மொத்தம் எவ்வளவு.